மேலத்தெரு என்று சொன்னேன்

வெளிநாட்டிலிருந்து ஒரு தவணை படிக்க வரும் மாணவர்களுக்கு உள்ளூர்த் துணை ஒருவரைப் போடுவது எங்கள் பீடத்தில் வழக்கம். துணை என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. எந்த பஸ் எங்கே போகும், எந்தக் கடைச் சோறு வயிற்றைக் கெடுக்காது, விடுதிக் காவலாளியிடம் எப்படிச் சிரித்தால் கதவு திறக்கும் என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. அது எனக்குக் கிடைத்ததற்கு என் திறமை காரணம் இல்லை. அந்த முறை வந்தவர்களில் ஒருத்தி திருச்சிக்காரி. தமிழுக்குத் தமிழ் சரியாக இருக்கும் என்று அலுவலக மிஸ் அவளை என் தலையில் கட்டினார். கொசுறாக ஒரு ஜப்பான்காரியையும் சேர்த்துக் கொடுத்தார். அடுத்த தவணையில் இதே திட்டத்தில் நான் திருச்சிக்காரியின் கல்லூரிக்குப் போவதாக ஏற்பாடு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் என்று மிஸ்ஸே சொல்லிச் சிரித்தார்.

திருச்சிக்காரி வந்த முதல் வாரத்திலேயே என்னை ‘டீ’ போட்டுப் பேசத் தொடங்கினாள். யாராவது என்னை ‘டீ’ போட்டால் பல்லைக் கழற்றிக் கையில் கொடுக்கிற ஆள் நான். அவள் சொன்னபோது கோபம் வரவில்லை. நானும் பதிலுக்குப் போட்டேன். சனிக்கிழமைகளில் மூவரும் டவுனுக்குப் போவோம். வாவியைச் சுற்றி நடப்போம், கொத்து ரொட்டி வாங்கி ஒரே பொதியில் மூவரும் கை போடுவோம். பால் சேர்க்காத பிளேன்டீயை அவள் கஷாயம் என்பாள். பால் டீயில் நுரை தேடுகிறவளுக்கு நாக்கு எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். நாற்காலியைக் ‘கதிரை’ என்று நான் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. ஜப்பான்காரி எங்கள் இருவரிடமும் தமிழ் கற்று, போதாததற்கு விடுதியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடமும் கற்று, “ஓம்டி, வாங்க போவம்” என்று ஒரு புதுத் தமிழ் பேசினாள்.

எனக்கு அதற்கு முன் அப்படி ஒரு சிநேகிதி கிடைத்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் இங்கேயும் எல்லோரோடும் சிரித்துப் பேசுவேன், ஆனால் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் அக்காவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் புசல்லாவையிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு டவுனில் வேலை, நல்ல பையன். எல்லாம் பேசி முடிந்து சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் அப்பாவிடம் பூர்வீகம் எது என்று கேட்டார். அப்பா ஊரைச் சொன்னார், தெருவையும் சொன்னார். அவர்கள் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் யாரையும் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும், கல்யாணப் பேச்சில் மட்டும் வாய் திறக்கும். அக்கா பிறகு வேறு இடத்தில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். நான்தான் அந்தக் கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். பூர்வீகம் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றிலிருந்து நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆனாலும் இவர்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஜப்பான்காரிக்குத் தேயிலை மலை பார்க்க ஆசை, திருச்சிக்காரிக்கு அம்மா கைச் சோறு தின்ன ஆசை. எங்கள் வீடு ஹந்தானையில், நகரத்துக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா. அப்பா டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அவர் சம்பளத்தில் முன்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டி, இஸ்தோப்பு என்கிற திண்ணைக்குச் சீமெந்து போட்டிருக்கிறோம். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். லயத்தில் இருப்பதில் எனக்கு வெட்கம் இல்லை என்று எழுத ஆசைதான். முதல் நாளே அம்மாவிடம் சண்டை பிடித்துப் புதுத் திரைச்சீலை தொங்கவிட்டேன், கொடியில் கிடந்த, அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தை அலுமாரிக்குள் திணித்தேன். வந்தவர்கள் திரைச்சீலையைப் பார்க்கவே இல்லை. ஜப்பான்காரி காலில் ஏறிய அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தாள். திருச்சிக்காரி நேரே அடுப்படிக்குள் போய் அம்மாவின் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி, “நகருங்கம்மா, நான் கிண்டுறேன்” என்றாள். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

அப்பா அன்று கடைக்கு லீவு போட்டிருந்தார். மகள் சிநேகிதிகளைக் கூட்டி வருவது அவருக்குத் திருவிழா. முன்னறையில் கதிரைகளைத் துடைத்துப் போட்டு, “வாங்க பாப்பா, உக்காருங்க. திருச்சின்னு மகள் சொல்லுச்சு. திருச்சில நீங்க எந்தப் பக்கங்க?” என்று தொடங்கினார்.

“துறையூர் பக்கம்ப்பா” என்றாள். அவள் அவரை அங்கிள் என்று கூப்பிடவில்லை, அப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

அப்பா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த எங்கள் பாட்டன் வழியில் வந்த ஒரே சொத்து ஒரு கிராமத்தின் பெயர். அதை அவர் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லி, “அது ஒங்களுக்குத் தெரியுங்களா?” என்று கேட்டார்.

“ஐயோ, அது எங்கம்மா பொறந்த ஊருப்பா!” என்று அவள் கதிரையிலிருந்தே துள்ளினாள்.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அந்த ஊர் உண்மையாகவே உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் உறுதியானது போல. அவள் முகத்தில் ஒரு பரபரப்பு வந்தது. முன்னால் சாய்ந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “அங்க நீங்க எந்தப் பக்கம்ப்பா? மேலத்தெருவா, கீழத்தெருவா?” என்று கேட்டாள்.

கேள்வி அவ்வளவுதான். தெருவைத்தானே கேட்டாள் என்று தெரியாதவர்கள் நினைக்கலாம். மேலத்தெருவில் தேர் ஓடும். கீழத்தெரு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், தேர் வராது. அந்தத் தெருவில்தான் எங்கள் ஆட்கள் இருந்தார்கள் என்று அப்பா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அப்பா வாயைத் திறந்தார். எனக்கு அந்தத் தேத்தண்ணீர்க் கோப்பைகள் தெரிந்தன. இவளும் எழுந்து போய்விடுவாள், நாளைக்கு வகுப்பில் வேறு இடத்தில் உட்காருவாள் என்று தோன்றியது.

“மேலத்தெரு” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போனார். மேசையில் தண்ணீர் ஏற்கெனவே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. அவள் பேச்சு நின்றது. சோறு போட்டதும் எல்லோரும் மேசைக்கு வந்தோம். “நான் இங்கயே உக்காந்துக்கறேங்க, காத்து வருது” என்று அவள் சோற்றுப் பீங்கானை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புப் படியில் போய் உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எங்கள் பழக்கம் என்று எண்ணி, ஜப்பான்காரியும் சந்தோஷமாக அவள் பக்கத்தில் சப்பணம் போட்டாள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். அதனால் பார்ப்பதற்கு எதுவும் பிழையாகத் தெரியவில்லை. அம்மா கோழிக்கறியை மறுபடி வைக்கப் போனபோது அவள் பீங்கானைக் கையால் மறைத்தாள். அப்பா அகப்பையை நீட்டியதற்கு, “போதுங்கய்யா” என்றாள். சற்று முன்னால் அப்பா என்று கூப்பிட்ட வாய். தோட்டத்தில் ஐயா என்றால் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. அப்பாவை வாழ்க்கையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தோசைக்கல்லில் கையை வைத்தவர் போல அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

சாப்பிட்ட பீங்கானை அவளே வெளிக்குழாயில் கழுவி, இஸ்தோப்பிலேயே கவிழ்த்து வைத்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது அம்மாவிடம் வாசலில் நின்றே சொல்லிக்கொண்டாள்.

“கறி நல்லா இல்லியா? உறைப்புக் கூடிருச்சா?” என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் ஓட்டோ பிடிக்க ஓடுகிறேன் என்று பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். என் முகத்தில் பொய்யைப் படித்துவிட்டாள், நாங்கள் யார் என்று மோப்பம் பிடித்துவிட்டாள். இல்லாவிட்டால் அகப்பையைப் பிடுங்கியவள் ஏன் அடுப்படிக்குள் வர மறுக்க வேண்டும்? ஏன் அரை வயிறு சாப்பிட வேண்டும்? அம்மா ஆசையாகப் போட வந்த கறியை ஏன் கையால் தடுக்க வேண்டும்? படித்தவள், திருச்சிக்காரி, உள்ளே இருக்கிறது அத்தனையும் அழுக்கு என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டேன். திட்டத் திட்ட எனக்கு என் பொய் சின்னதாகிக்கொண்டே வந்தது. நல்ல வசதி அது.

பீடத்திலும் அவள் மாறிப்போனாள். ‘டீ’ போனது, ‘ங்க’ வந்தது. “நோட்ஸ் முடிச்சிட்டீங்களா?” என்று கேட்பாள். சனிக்கிழமை டவுனுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். அப்பா இரண்டொரு முறை, “அந்தத் திருச்சிப் புள்ளைய மறுபடி கூட்டிட்டு வாயேன், ஊரப்பத்திக் கேக்கலாம்” என்றார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானாவது கத்தியிருப்பேன். பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை. நான் பதிலுக்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுக்கவில்லை, கண்டவரையெல்லாம் கடித்தது.

ஒருநாள் கன்டீனில் நான் என் சோற்றுப் பொதியை விரித்தேன். அம்மா செய்த தேங்காய்ச் சம்பல் இருந்தது. ஜப்பான்காரி வழக்கம்போல விரலை விட்டாள். திருச்சிக்காரி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். சம்பல் அவளுக்கு உயிர். எனக்கு எங்கிருந்து அந்த விஷம் வந்ததோ, பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி, “அவங்களுக்குக் குடுக்காத. எங்க வீட்டுச் சாப்பாடு அவங்களுக்கு எறங்காது” என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜப்பான்காரி சம்பல் விரலோடு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தவணை முடிந்தது. ஜப்பான்காரி முன்னதாகவே தெற்கே காலி என்ற ஊரின் கடற்கரையைப் பார்க்கப் போய்விட்டாள். திருச்சிக்காரியை பஸ் ஏற்றிவிட வேண்டியது துணையின் கடைசிக் கடமை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற பஸ் நின்றது. ஆள் நிரம்பாமல் சாரதி எடுக்க மாட்டான். அவள் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு நானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கடலை விற்கிறவன் இரண்டு தடவை ஏறி இறங்கினான். இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த தவணை இவள் கல்லூரிக்குப் போகும்வரை பொறுக்க முடியாது, கேட்டுவிடுவோம் என்று எனக்கு நாக்கு அரித்தது. சண்டை பிடிக்கத்தான் கேட்டேன்.

“ஒங்கிட்ட ஒன்னு கேக்கணும். எங்க வீட்ல ஒனக்கு என்னா கொறையா போச்சு? எங்க அடுப்படிக்குள்ள கால் வைக்கக் கூசிச்சா?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உண்மையாகவே புரியாதவள் முகம்.

“கூசுச்சாவா? எனக்கா?” என்றாள். “உங்க அடுப்படிக்குள்ள நான் எப்படிங்க வருவேன்? நீங்க மேலத்தெருன்னு சொன்னீங்க. எங்கம்மா கீழத்தெருங்க. சின்ன வயசுல எங்கம்மா மேலத்தெருவுல சைக்கிள்ள ஏறிப் போனதுக்கு, எங்க தாத்தா போயி துண்டக் கையில வச்சிக்கிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு. அது தெரிஞ்சும் உங்க வீட்டுக் கதிரைல நான் எப்படி உக்காருவேன்?”

அவள் ‘கதிரை’ என்றதை அவளே கவனிக்கவில்லை. நானும் அப்போது சிரிக்கிற நிலையில் இல்லை.

“பயந்துக்கிட்டு ஒண்ணும் ஒதுங்கல” என்று அவளே தொடர்ந்தாள். குரல் கொஞ்சம் ஏறியது. “எனக்கு ரோஷம் இருக்குங்க. என்னைக்காவது உங்களுக்குத் தெரிஞ்சு, நீங்க எந்திரின்னு சொல்றதுக்கு முன்னாடி நானே எந்திரிச்சிட்டேன். கன்டீன்ல நீங்க சொன்னப்போ, சரி, தெரிஞ்சிடுச்சி போலன்னு நினைச்சிக்கிட்டேன்.”

மேலே இருக்கிறவளும் கீழே இருக்கிறவள் வீட்டு அடுப்படிக்குள் வரமாட்டாள், கீழே இருக்கிறவளும் மேலே இருக்கிறவள் வீட்டு அடுப்படிக்குள் வரமாட்டாள். வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நான் அவளை மேலே தூக்கி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளோ என் ஒரு சொல்லுக்காக என் வீட்டுப் படியில் இறங்கி உட்கார்ந்திருந்தாள். அங்கே யாருமே மேலே இல்லை.

“பின்ன ஏன் தெருவக் கேட்ட?” என்றேன்.

“கீழத்தெருன்னு சொல்லிட மாட்டாரான்னுதான். அப்பா அந்த ஊரு பேரச் சொன்னதும் எனக்கு அவ்ளோ ஆசையா போச்சு. கடல் தாண்டி வந்த எடத்துல நம்மாளுங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுறோம்னு எங்கம்மாக்கு வீடியோ கால் போட்டுக் காட்டணும்னு போன கையில எடுத்துட்டேன். நீங்க மேலத்தெருன்னதும் திரும்பப் பைக்குள்ள வச்சிட்டேன்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்களும் கீழத்தெருதான்டி. நான் பொய் சொன்னேன். சத்தியமா கீழத்தெருதான். அப்பா அததான் சொல்ல வந்தாரு, நான்தான் முந்திக்கிட்டேன். நீ எழும்பிப் போயிருவேன்னு பயந்துட்டேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு, அன்பான சிரிப்பு. என் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.

“பரவால்லங்க. எனக்காக நீங்க இப்படியெல்லாம் சொல்ல வேணாம்.”

“இல்லடி, உண்மை! அம்மா மேல ஆணை!”

“அம்மா மேலல்லாம் ஆணை போடாதீங்க. உங்களுக்கு நல்ல மனசுங்க. நான் கஷ்டப்படுறேன்னு எறங்கி வர்றீங்க. அந்தளவுக்கு யாரும் செய்ய மாட்டாங்க.”

நான் போனை எடுத்து அப்பாவின் நம்பரை அழுத்தினேன். அவரையே பேசச் சொல்கிறேன், அவரிடம் கேள் என்றேன். அவள் திரையின் மேல் கையை வைத்து மூடினாள். “பெரியவர வேற பொய் சொல்ல வைக்காதீங்க. அன்னைக்கு நீங்க சொன்னப்போ அவரு இல்லைன்னு சொல்லலையே” என்றாள்.

பஸ் நிரம்பிவிட்டது. கொண்டக்டர் பயணம் போகாதவர்களை இறங்கச் சொன்னான். இறங்கி ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அடுத்த தவணை திருச்சிக்கு வரும்போது வீட்டுக்கு வா என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாததில் ஒரு தப்பும் இல்லை. மேலத்தெருக்காரியை எந்தத் தைரியத்தில் அவள் கீழத்தெருவுக்குக் கூட்டிப்போவாள்?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யார் என்பதை, நான் பஸ்ஸில் உண்மையைச் சொன்னதை, அவள் நம்பாததை. அவர் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்தபடி முழுவதும் கேட்டார். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“சத்தியமெல்லாம் பண்ணிட்டேன்ப்பா. என்னா சொல்லியும் நம்ப மாட்டேங்கறா” என்றேன்.

அப்பா துவாயைக் கொடியில் போட்டார்.

“எப்புடிம்மா நம்பும்?” என்றார். “பெத்த அப்பன் பக்கத்துல இருக்க, அவன் மூஞ்சிக்கு முன்னாலயே சொன்ன வார்த்தையாச்சே அது.”